காருக்குள் எல்.இ.டி. லைட் மாற்றுவதும் அதை எரிந்துபோகாமல் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் அட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிறேன். வாரத்துக்கு ரெண்டு மூன்று பேராவது உள் லைட்டைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள். "எல்.இ.டி. போட்டேன், ஒரு மாசம்கூட நிக்கல" என்பதுதான் பெரும்பாலும் புகார். ஒவ்வொருவரிடமும் பொனட்டில் விரலால் கோடு போட்டு விளக்குவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

பழைய பல்ப் நல்லாத்தானே எரியுது அண்ணே, எதுக்கு மாத்தணும்?

அழகுக்காக என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. உருப்படியான காரணம் பெட்டரிதான்.

கூரை லைட்டில் இருப்பது பெரும்பாலும் 5 வாட் அல்லது 10 வாட் பல்ப். 10 வாட் பல்ப் ஏறக்குறைய 0.8 அம்பியர் இழுக்கும். பின் கதவு சரியாகச் சாத்தாமல் போய், இரவு 12 மணி நேரம் அது எரிந்தால் கிட்டத்தட்ட 10 அம்பியர்-மணி காலி. ஆல்ட்டோ மாதிரி சின்னக் காரில் இருக்கும் பெட்டரியே 35 அம்பியர்-மணி சுமார்தான். அதுவும் மூன்று நான்கு வருடம் உழைத்த பெட்டரியாக இருந்து, நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படிந்திருக்கும் நேரமாகவும் இருந்தால், ஸ்டார்ட்டர் 'டக் டக்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அதே இடத்தில் 1 வாட் எல்.இ.டி. இருந்தால் இரவு முழுக்க எரிந்தும் 1 அம்பியர்-மணிதான் போயிருக்கும்.

எங்கள் பக்கம் வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்து நிறுத்துவது இதற்காகத்தான். நாலு பேர் தோள் கொடுத்தால் இரண்டாம் கியரில் பிடித்துக்கொள்ளும். ஓட்டோமெட்டிக் கியர் வந்த பிறகு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

பெட்டியில 12 வோல்ட்னுதான் போட்டிருக்கு. வண்டியும் 12 வோல்ட்தானே? ஏன் எரிஞ்சுபோகுது?

முழுப் பிரச்சினையும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வண்டி எப்போதும் 12 வோல்ட்டில் இருப்பதில்லை. என்ஜின் நிற்கும்போது நல்ல பெட்டரி 12.6 காட்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும், அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டனேட்டர் அதை 13.8இலிருந்து 14.4 வரை தூக்கிவிடும். பழைய இழை பல்ப் இதைப் பொருட்படுத்தாது. இழை சூடேற ஏற அதன் தடையும் ஏறி, தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். எல்.இ.டி.க்கு அந்தக் குணம் கிடையாது.

கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். மூன்று மஞ்சள் புள்ளிகள், அவற்றுக்குப் பக்கத்தில் கடுகளவு கறுப்புச் சதுரம் ஒன்று. அந்தச் சதுரத்தின் மேல் '151' என்று எழுதியிருந்தால் அது 150 ஓம் ரெசிஸ்டர், கரண்டை மட்டுப்படுத்தும் தடை. வெள்ளை எல்.இ.டி. ஒன்று சுமார் 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றும் வரிசையில் இருப்பதால் 9.6. மீதி வோல்டேஜ் எல்லாம் அந்தக் கடுகின் தலையில்.

12 வோல்ட்டில் மீதி 2.4. அதை 150ஆல் வகுத்தால் 16 மில்லி அம்பியர். இந்த வகை எல்.இ.டி.க்கு 20 வரை பரவாயில்லை என்பதால் நிம்மதி. இப்போது என்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள். 14.4 வோல்ட் வருகிறது. மீதி 4.8, கரண்ட் 32 மில்லி அம்பியர். வோல்டேஜ் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, கரண்ட் ஏறியது இரண்டு மடங்கு, அந்த ரெசிஸ்டரில் சூடு நாலு மடங்கு! கரண்ட் ஏறினால் எல்.இ.டி.யின் சொந்த வோல்டேஜும் சற்று ஏறும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனாலும் கதை அதேதான்.

ஆகவே மலிவான பட்டி வீட்டில் 12 வோல்ட் அடப்டரில் வருடக் கணக்கில் எரியும், வண்டியில் இரண்டு மாதத்தில் சாகும். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் மேசையில் எரித்துக் காட்டியது உண்மையான 12 வோல்ட்டில்.

என் வண்டியில எவ்வளவு வருதுன்னு எப்படிப் பார்க்கிறது?

சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, பெட்டரியின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு தரம், ஐடிலில் ஒரு தரம், எல்லா லைட்டையும் நிறுத்திவிட்டு எக்ஸலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி ஒரு தரம். மூன்றாவது கணக்குத்தான் முக்கியம். 14.5 வரை நல்லது. 14.8ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். 15ஐத் தாண்டினால் ஆல்டனேட்டரின் வோல்டேஜை அடக்கி வைக்கும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. எல்.இ.டி. பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் பெட்டரித் தண்ணீரும் கொதித்து வற்றிவிடும்.

குளிர் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். பல ரெகுலேட்டர்கள் குளிரில் வேண்டுமென்றே வோல்டேஜைச் சற்றுக் கூட்டித் தரும், குளிர்ந்த பெட்டரிக்கு அது தேவை என்பதால். கொழும்பில் 14.2 காட்டிய அதே கார் நானுஓயாவில் விடியற்காலை 14.4, 14.5 காட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் எல்.இ.டி.க்குக் கணக்குப் போடும்போது அந்த 14.5ஐ வைத்துப் போடுங்கள்.

14.5 சரி. அதுக்கும் மேல எகிறும் 'ஓவர் வோல்டேஜ்'னு சொல்றாங்களே, அது எங்கிருந்து வருது?

நாலு வழியில் வருகிறது. என் அனுபவத்தில் முதல் வழியில்தான் அதிகம்.

பெட்டரி டெர்மினல் லூஸ். தோட்டத்து ரோட்டில் தினமும் குலுங்கி ஏறி இறங்கும் வண்டிக்கு இது தடிமன் காய்ச்சல் மாதிரி. சில வருடங்களுக்கு முன் என்னுடைய காரிலேயே வந்தது. கூரையில் போட்டிருந்த புதுப் பட்டி கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு குழியில் விழுந்த நொடியில் நீலமாகப் பளிச்சிட்டு அணைந்தது. ரேடியோவும் ஒரு தரம் நின்று வந்தது. பட்டிதான் மட்டம் என்று நினைத்து வேறொன்று போட்டேன். அதுவும் அதே ரோட்டில், வேறு குழியில். அப்புறம்தான் பொனட்டைத் திறந்து நெகட்டிவ் கிளாம்பைப் பிடித்தேன். கையாலேயே சுற்ற முடிந்தது. உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. ரெண்டு பட்டி போனதற்கும் பட்டி காரணமில்லை.

நடந்தது இதுதான். ஆல்டனேட்டர் பெட்டரிக்கு மும்முரமாகக் கரண்ட் தள்ளிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இணைப்பு அறுகிறது. ஆல்டனேட்டரின் சுருளில் இருக்கும் காந்தப்புலம் உடனே அடங்காது. தள்ளிய கரண்டுக்குப் போக்கிடம் இல்லாததால் வோல்டேஜ் எகிறும். இதை 'லோட் டம்ப்' என்பார்கள். வாகன மின்கருவிகளைச் சோதிக்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 16750, உள்ளே தடுப்பில்லாத 12 வோல்ட் ஆல்டனேட்டரில் இது 79இலிருந்து 101 வோல்ட் வரை போகலாம் என்று வைத்துத்தான் சோதிக்கச் சொல்கிறது. நீடிப்பது 40இலிருந்து 400 மில்லி செக்கண்ட். புது ஆல்டனேட்டர்களில் உள்ளேயே தடுப்பு டயோடுகள் இருப்பதால் 35 வோல்ட் அளவில் நின்றுவிடும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியாருக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டியைத்தான் எல்லாரும் தட்டிக்கொட்டி ஓட்டினோம். ஆல்டனேட்டரைக் கழற்றி ரீவைண்ட் பண்ணி, டயோடு தட்டை மாற்றி ஓட்டும் வண்டியில் அந்தத் தடுப்பு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டாவது, கராஜில் நாமே செய்வது. ஆல்டனேட்டர் சார்ஜ் பண்ணுகிறதா என்று பார்க்க என்ஜின் ஓடும்போதே பெட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆல்டனேட்டருக்கு முந்திய டைனமோ காலத்துப் பழக்கம் அது. இன்றைய காரில் அப்படிக் கழற்றினால் எல்.இ.டி. போவது ஒரு பக்கம், என்ஜின் கம்ப்யூட்டரும் போகலாம். யாராவது ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனால் கையைப் பிடித்துவிடுங்கள்.

மூன்றாவது, லொறியிலிருந்து ஜம்ப். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பக்கத்தில் கொழுந்து லொறி நிற்கிறது, டிரைவர் அண்ணன் நல்ல மனுசன், கேபிளும் வைத்திருக்கிறார். லொறி 24 வோல்ட். நம் பட்டியின் கணக்கை 24க்குப் போட்டால் 96 மில்லி அம்பியர் வரும், புகை வரும் கணக்கு அது. உதவி கட்டாயம் தேவை என்றால் லொறியின் இரண்டு பெட்டரியில் ஒன்றின் இரு முனையிலிருந்து மட்டும் எடுங்கள். கதவுகளைச் சாத்தி உள் லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள்.

நாலாவது, சின்னச் சின்ன முள். ஏ.சி. கம்ப்ரசரின் கிளட்ச், ஹோர்ன் ரிலே, வைப்பர் மோட்டர் ஒவ்வொன்றும் அணையும்போது ஒரு கண நேரத்துக்கு எதிர்த்திசையில் நூறு வோல்ட் அளவுக்குக்கூட உதைக்கும். எல்.இ.டி. தலைகீழ் வோல்டேஜை 5 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக உத்தரவாதம் இல்லை. ஒரே நாளில் கொல்லாது, கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

ஃபியூஸ் இருக்கே, அது காப்பாத்தாதா?

காப்பாற்றாது. ஃபியூஸுக்கு வோல்டேஜ் தெரியாது, கரண்ட்தான் தெரியும். உள் லைட்டுக்கு 10 அம்பியர் ஃபியூஸ் போட்டிருப்பார்கள். எல்.இ.டி. சாக 0.1 அம்பியர் போதும். ஃபியூஸ் இருப்பது வயர் பற்றி எரியாமல் இருக்க.

அப்ப என்ன போடணும்? விலை கூடாம சொல்லுங்க.

சரி. முதல் பாதுகாப்புக்குச் செலவே இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு பெட்டரி டெர்மினலையும் கழற்றிச் சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் கொண்டு கழுவிக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். பெட்டரியைப் பிடித்திருக்கும் கம்பியும் இறுக்கமாக இருக்கட்டும். பெட்டரி ஆடினால் டெர்மினலும் ஆடும். மேலே சொன்ன என் கதை இதோடு முடிந்திருக்கும்.

அடுத்தது லைட் பக்கம். கூரையில் 30 சென்றிமீற்றர் பட்டி ஒன்று போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 60 எல்.இ.டி. என்றால் அதில் 18 இருக்கும், மூன்று மூன்றாக ஆறு குழு. பொசிட்டிவ் வயரில் வரிசையாக நான் போடுவது இவை:

ஃபியூஸ் பெட்டியை ஒட்டி 1 அம்பியர் ஃபியூஸ். அதற்குப் பிறகு, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என் 4007 டயோடு, வெள்ளைக் கோடு பட்டியின் பக்கம் பார்த்தபடி. தலைகீழ் உதை இதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு 27 ஓம், 2 வாட் ரெசிஸ்டர். அப்புறம் பட்டி. அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். பட்டியின் ஆறு 150 ஓமும் பக்கம் பக்கமாக இருப்பதால் மொத்தம் 25 ஓம். நம்முடைய 27ஐச் சேர்த்தால் 52. 14.4 வோல்ட்டில் டயோடு 0.8ஐயும் எல்.இ.டி. 9.6ஐயும் எடுத்தது போக மீதி 4 வோல்ட். ஒவ்வொரு குழுவுக்கும் 13 மில்லி அம்பியர்தான் போகும். வெறும் பட்டியில் 32 போனதோடு ஒப்பிடுங்கள். வெளிச்சம் குறைந்ததைக் கண் பெரிதாகக் கண்டுபிடிக்காது. லொறிக்காரர் 24 வோல்ட் கொடுத்துவிட்டாலும் 45ஐத் தாண்டாது. ஸ்டார்ட் பண்ணி எடுக்கும் அரை நிமிடத்துக்குப் பட்டி தாங்கிக்கொள்ளும்.

இதில் ஒரு குறை உண்டு. என்ஜின் நிற்கும்போது வோல்டேஜ் 12.4 ஆனால் பட்டி நன்றாகவே மங்கும். காசைத் தேட, சாவியைத் தேடப் போதும், வாசிக்கப் போதாது.

மங்காமல் ஒரே மாதிரி எரிய வேண்டும் என்றால் எல்.எம். 2940 என்ற ரெகுலேட்டரின் 12 வோல்ட் வகையைப் போடுங்கள். வாகனத்துக்கென்றே செய்தது. பெட்டரியைத் தலைகீழாகக் கொடுத்தாலும் சாகாது. 60 வோல்ட் வரை வரும் கண நேர எகிறலில் தன்னை மூடிக்கொண்டு பட்டியைக் காக்கும். உள்ளே 12.4 வந்தாலும் இந்தச் சின்னக் கரண்டுக்கு 12ஐ ஒட்டியே வெளியே தரும். வெளிக்காலில் 22 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் ஒன்று கட்டாயம், அது இல்லாவிட்டால் ரெகுலேட்டர் தானே அலைபாயும். 0.1 அம்பியர் பட்டிக்குச் சூடு தணிக்கும் தகடு தேவையில்லை.

எல்லாரும் கேட்கும் 7812 ரெகுலேட்டர் இங்கே சரிவராது. வெளியே 12 வர, உள்ளே 14 கொடுக்க வேண்டும். என்ஜின் நின்றால் பத்தரைக்கு இறங்கிவிடும்.

டி.வி.எஸ். டயோடு வேணுமா?

பழைய வண்டி, ரீவைண்ட் பண்ணிய ஆல்டனேட்டர் என்றால் போடுங்கள். சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருக்கும், வோல்டேஜ் எகிறும் கணத்தில் விழித்து மிச்சத்தைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும் சாமான் அது. ஃபியூஸுக்குப் பிறகு, பொசிட்டிவுக்கும் பொடிக்கும் (வண்டியின் உலோக உடலுக்கும்) நடுவே, கோடு பொசிட்டிவ் பக்கம்.

எந்த எண் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 12 வோல்ட் வண்டிக்கு 18 வோல்ட் வகை போதும் என்று சொல்வார்கள். கணக்குப்படி சரி. ஆனால் எங்கள் ஊரில் லொறி ஜம்ப் உண்டே! அந்த 24 வோல்ட் வந்ததும் இது விழித்து, விடாமல் இழுத்து, வெந்துபோகும். ஆகவே நான் போடுவது பி6கேஇ 30ஏ. 25 வோல்ட் வரை தூங்கும், 30 பக்கம் விழிக்கும், கடும் உதையை 41 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். 41 பட்டிக்கு இன்னும் அதிகம்தான். அதற்குத்தான் பின்னால் 27 ஓம் அல்லது எல்.எம். 2940.

முழு லோட் டம்ப் வந்தால் இந்தச் சின்ன டயோடு தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அநேகமாக உள்ளுக்குள் ஷோர்ட் ஆகிச் சாகும், உடனே 1 அம்பியர் ஃபியூஸ் போகும், லைட் அணையும். ஒரு டயோடும் ஒரு ஃபியூஸும் நட்டம்.

நான் 12 வோல்ட் ஸீனர் டயோடு போட்டேன். தொட்டா சுடுது.

தம்பி, கழற்றிவிடுங்கள். ஸீனர் என்பது வோல்டேஜைத் தன் அளவில் பிடித்து நிறுத்தப் பார்க்கும் டயோடு. 12 வோல்ட் ஸீனரை முன்னால் ரெசிஸ்டர் இல்லாமல் நேரே பெட்டரி வயரில் போட்டால், என்ஜின் ஓடும் நேரமெல்லாம் அது 14 வோல்ட்டோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். 1 வாட் ஸீனர் அதில் தோற்கும். உங்களுடையது இன்னும் சுடுகிறது என்றால் வயர் நீளமாக, மெல்லியதாக இருக்கிறது, அதுவே ரெசிஸ்டராக வேலை செய்கிறது. இப்படி வந்த ஒரு வேனின் கூரைத் துணியில் ஐந்து சதக் காசளவுக்குப் பழுப்புத் தழும்பு இருந்தது.

பட்டி வேணாம், பல்பை மட்டும் மாத்தினா போதும். என்ன அளவு வாங்கணும்?

பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள், அதுதான் பிழைக்காத வழி. கூரை லைட்டில் பெரும்பாலும் இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி வைத்த குழாய் பல்ப். அதன் நீளம் 31, 36, 39, 41 மில்லிமீற்றர் என்று வேறுபடும். 36க்குப் பதில் 39ஐ அழுத்திச் செருகினால் பிடி வளைந்து பிறகு எதையும் பிடிக்காது. மேப் லைட்டிலும் டிக்கியிலும் கண்ணாடி அடியோடு செருகும் டி10.

எல்.இ.டி. பல்பில் '12 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் மேலே சொன்ன ரெசிஸ்டர் கதைதான். '9 முதல் 30 வோல்ட்' மாதிரி ஓர் இடைவெளி போட்டிருந்து, உள்ளே சின்னச் சில்லும் சுருளும் தெரிந்தால், அதில் கரண்டை நிலையாக வைக்கும் சுற்று இருக்கிறது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும் யாரிடமாவது சொல்லி விட்டால் ஒரே நடையில் நாலு வாங்கலாம்.

கவரைப் பிளாஸ்டிக் தகடால் நெம்புங்கள், ஸ்க்ரூ டிரைவரால் வேண்டாம். குளிர் காலையில் அந்தப் பிளாஸ்டிக் பட்டென்று உடையும். கூரை ஓரத்திலோ தூணிலோ 'எஸ்.ஆர்.எஸ்.' என்று இருந்தால் உள்ளே எயார்பேக் இருக்கிறது. அந்தப் பக்கம் வயர் இழுக்க வேண்டாம்.

போட்டேன், எரியல.

திருப்பிப் போடுங்கள். பத்தில் எட்டுத் தரம் அதுதான்.

அணைச்ச பிறகும் லேசா மினுங்குது. பேயா?

இல்லை. புது வண்டிகளில் கதவு சாத்தியதும் லைட் மெதுவாக அணைய ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கும். அணைந்த பிறகும் அதன் வழியாகத் துளிக் கரண்ட் கசியும். இழை பல்புக்கு அது உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே எண்ணெய் விட்ட திரி மாதிரி. பல்பின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் கசிவு அதன் வழியே போய்விடும், மினுங்கல் நிற்கும்.

50 ஓம் பெரிய ரெசிஸ்டரை இதற்காக விற்பார்கள். 'பல்ப் போய்விட்டது' என்ற எச்சரிக்கை வராமல் தடுப்பதற்கான சாமான் அது. 14 வோல்ட்டில் 4 வாட் சூடு வரும். கூரைத் துணிக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுடைய மொரிஸ் மைனருக்குப் போடலாமா?

போடலாம், ஆசையாகச் செய்யும் வேலை அது. ஆனால் அதில் பொடியில் பிடித்திருப்பது பெட்டரியின் பொசிட்டிவ். முன்னே யாராவது மாற்றியிருந்தால் ஒழிய எல்லாம் தலைகீழ். பட்டி, டயோடு, டி.வி.எஸ். எதைப் போட்டாலும் திசை மாற்றிப் போடுங்கள், பட்டியின் நெகட்டிவ் வயருக்குத்தான் ஸ்விட்ச் வரும். எல்.எம். 2940ஐ உலோகப் பகுதி பொடியில் படாமல் தனியே கட்டி வையுங்கள். அதன் தகடு நெகட்டிவோடு சேர்ந்தது, இந்தக் காரின் பொடி பொசிட்டிவ், இரண்டும் தொட்டால் நேரே ஷோர்ட். டைனமோவின் பழைய கட்-அவுட் பெட்டி வோல்டேஜை முள் நுனியில் வைத்திருக்காது, ஆகவே மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

பஸ்ஸுக்கு, லொறிக்கு?

24 வோல்ட் வண்டியில் என்ஜின் ஓடும்போது 28 சுமார் வரும். ஒரே நீளமுள்ள இரண்டு 12 வோல்ட் பட்டியை ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால் ஆளுக்குப் பாதி. நீளம் வித்தியாசப்பட்டால் சின்னது முதலில் போகும். நேரே 24 வோல்ட் பட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு, ஆனால் வரும் பஸ்ஸில் பாதியில் அதைத்தான் பார்க்கிறேன். இரண்டு பெட்டரிக்கு நடுவே உள்ள இணைப்பிலிருந்து 12 வோல்ட் எடுத்து லைட், பாட்டு எல்லாவற்றுக்கும் கொடுப்பது. இரண்டு பெட்டரியும் ஒரே கரண்டில் சார்ஜ் ஆக வேண்டும். ஒன்றிலிருந்து மட்டும் இழுத்தால் அது எப்போதும் பட்டினி, மற்றதுக்கு அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு. மாதக்கணக்கில் ஒன்று வீங்கும், மற்றது செத்துக் கிடக்கும். பிறகு ரெண்டையும் வாங்க வேண்டும். 24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஓட்டோவுக்கு?

ஓட்டோவில் கார் மாதிரி ஆல்டனேட்டர் இல்லை. என்ஜினோடு சுற்றும் மக்னெட்டோ, அதன் கரண்டை அடக்க ஒரு ரெகுலேட்டர் பெட்டி. அந்தப் பெட்டி கெட்டாலோ அதன் எர்த் வயர் துருப்பிடித்தாலோ, ஏற்றத்தில் முறுக்கும்போது வோல்டேஜ் எக்கச்சக்கமாக ஏறும். 'ஏத்தத்துல நல்லாப் பளிச்சுன்னு எரியுது' என்று டிரைவர் தம்பி சந்தோசமாகச் சொன்னால் அது நல்ல செய்தியில்லை. மீட்டரைப் பிடித்து 15க்கு மேல் வந்தால் பெட்டியையும் எர்த்தையும் முதலில் பாருங்கள்.

கலர் கலராக ஓடும் லைட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து பொலிஸ் மேலதிக அலங்காரச் சாமான்களைக் கழற்றச் சொல்லி மடக்கியதில் கழற்றிக் கொடுத்ததுதான் என் வேலையாக இருந்தது.

ஹைபிரிட்டுக்கும் இதெல்லாம் வேணுமா?

அக்வா, ப்ரியஸில் ஆல்டனேட்டரே இல்லை. பெரிய பெட்டரியிலிருந்து ஒரு கன்வேட்டர் 14 வோல்ட் சுமாரை நிலையாகத் தருகிறது. நல்ல பல்ப் வாங்கிப் போட்டால் போதும். வாகன்-ஆர் மாதிரி வண்டி வேறு ரகம். எக்ஸலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் ஆல்டனேட்டர் மும்முரமாகச் சார்ஜ் பண்ணும், சமதரையில் ஓய்வெடுக்கும். றம்பொடை இறக்கம் முழுக்க வோல்டேஜ் மேலேயே நிற்கும். வெறும் ரெசிஸ்டர் பட்டி அதில் கூடிக் குறைந்து எரிவது கண்ணுக்கே தெரியும். அதற்கு எல்.எம். 2940.

எந்தக் கலர் நல்லது?

கடையில் அதிகம் கிடைப்பது 6000 கெல்வின், நீலம் தட்டும் வெள்ளை. வெள்ளை எல்.இ.டி. என்பதே நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சுத்தான், பூச்சு குறைந்தால் நீலம் தூக்கும். இரவில் மூடுபனிக்குள் ஓட்டும்போது பின் சீட்டில் பிள்ளைக்காக அந்த லைட்டைப் போட்டால் முன் கண்ணாடி முழுக்க உங்கள் முகம்தான் தெரியும். 3000 கெல்வின், பழைய பல்பின் மஞ்சள், கண்ணுக்கு இதம். கிடைக்காவிட்டால் 4000. வெளிச்சமும் அளவாக இருக்கட்டும்.

எல்லாம் சரியாப் போட்டும் அப்பப்ப வெட்டுது.

வோல்டேஜ் இல்லை, ஈரம். மழைக்காலத்தில் கவருக்குள் பனி வியர்த்து, பித்தளைப் பிடியில் பச்சை படியும். இழை பல்பின் சூடு முன்பு அந்த ஈரத்தைக் காய வைத்துக்கொண்டிருந்தது, எல்.இ.டி. காய வைக்காது. பிடியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளி வாஸ்லின் தடவி, சற்று உள்நோக்கி வளைத்துவிட்டு பல்பைப் போடுங்கள். அதன் பிறகும் வெட்டினால் கதவுத் தூணில் இருக்கும் பொத்தான் ஸ்விட்சைக் கழற்றிப் பாருங்கள். அதன் ஒரே ஒரு ஸ்க்ரூதான் எர்த். பெயின்ட் அடித்த வண்டிகளில் அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் பெயின்ட் இருக்கும்.